பரீட்சைக்குத் தயாரான இரத்தம்

எங்கள் ஆய்வு மையத்தில் அவருக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். ஒரு விழா மேடையில் எங்கள் பெரிய டாக்டரம்மா வாய் தவறி, "அடுத்து நம்ம ஊசியக்கா பேசுவாங்க" என்று சொல்லிவிட, கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அக்கா மேடையேறி, "எனக்குப் பேச வராது, கையை நீட்டினா குத்த வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நான் யார் என்றால், அவர் கொண்டுவரும் இரத்தத்தை வாங்கி வைக்கிறவன். ஆய்வகத்தின் பின்னறை என்னுடையது. ஜன்னல் கிடையாது, குளிர்சாதனப் பெட்டிகளின் உறுமல் மட்டும் உண்டு. மனிதர்களோடு எனக்கு அவ்வளவாக ஒட்டாது. இரத்தம் பரவாயில்லை. வைத்த இடத்தில் இருக்கும், எதிர்த்துப் பேசாது, பக்கத்து வீட்டுக் கதை சொல்லாது. "உனக்குப் பொண்டாட்டி அமைஞ்சதே பெரிய அதிசயம்டா தம்பி" என்று அக்கா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள்.

எங்கள் வேலை இதுதான். நகரத்தின் மூன்று பகுதிகளில் சில ஆயிரம் பேரை, இதயம் நன்றாக இருக்கும்போதே ஆய்வில் சேர்த்துக்கொண்டோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக்கே போய் வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்போம். கொலஸ்ட்ரால் எவ்வளவு, மற்றக் கொழுப்புகள் எவ்வளவு என்று அளந்து அவர்களுக்கும் சொல்லி நாங்களும் குறித்துக்கொள்வோம். அப்புறம் காத்திருப்போம். யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை, அவர்களுடைய பழைய இரத்தம் என்ன சொல்லியிருந்தது என்று திரும்பிப் பார்ப்போம். கேட்க ஈவிரக்கமில்லாத வேலைபோலத் தோன்றும். ஆனால் இப்படி எங்கேயோ சிலர் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்ததால்தான், உங்கள் டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்க முடிகிறது.

மூன்று பகுதிகளில் ஆற்றோரப் பகுதி முழுவதும் ஊசியக்காவின் கையில். அவர் அங்கே பிறந்தவர் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பது வயதைத் தாண்டவில்லை. இரண்டு பேருமே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், எழுந்திருக்கவில்லை. அண்ணன் இறந்த வருடமே அக்கா வார்டை விட்டுவிட்டு எங்கள் மையத்துக்கு வந்துவிட்டார். "வந்தப்புறம் ஓடறதைவிட வர்றதுக்கு முன்னாடி பாக்கற வேலைதான் எனக்கு வேணும்" என்று நேர்காணலில் சொன்னாராம்.

ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார். தோளில் குளிர்ப்பெட்டி, காலில் தேய்ந்த ஷூ, வாயில் ஓயாத பேச்சு. நரம்பே தெரியாத கையிலும் முதல் குத்திலேயே இரத்தம் எடுத்துவிடுவார். எடுத்து முடித்து, "அவ்வளவுதான்" என்று சொல்லும்போதுதான் பலருக்கு ஊசி போட்டதே தெரியும். அவர் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், நல்ல பருமன், சாப்பாட்டில் குறை வைக்காதவர். இருவரும் சேர்ந்து நடந்து வந்தால் தெருவே சிரிக்கும். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் வருவார்கள்.

அக்காவிடம் ஒரே ஒரு கோளாறு. யாருக்காவது எண் ஏறியிருந்தால் அவரால் தாங்க முடியாது. முதலில் திட்டுவார். "உங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிப் பாக்க வேணாமா? வெண்ணெயைத் தின்னுட்டுப் படுத்துட்டா யாரு பாக்கறது?" திட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திட்டி முடித்ததும் அவர் முகம் வாடிப் போகும் பாருங்கள், அதைத்தான் ஆற்றோரப் பகுதியில் ஒருவராலும் பார்க்க முடியவில்லை. எண் குறைந்திருந்தால் அதே முகம் பூரித்துப் போகும். கன்னத்தைக் கிள்ளாத குறையாகக் கொஞ்சுவார்.

அவருடைய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் தேறிக்கொண்டே வந்தது. மற்ற இரண்டு பகுதிகளைவிட அங்கே கொலஸ்ட்ரால் குறைவு, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு ரொம்பவே குறைவு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் ஜனங்க சொன்னாக் கேப்பாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டரம்மாவுக்கு மட்டும் அது இனிக்கவில்லை. ஒருநாள் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் ஒரு வரைபடம். மூன்று பகுதிகளுக்கும் மூன்று கோடுகள். "இங்க பாருங்க. உங்க பகுதியில ரத்தம் இவ்வளவு நல்லா இருக்கு. ஆனா மாரடைப்பு மத்த ரெண்டு பகுதியிலயும் வர்ற அளவுக்குத்தான் இங்கயும் வருது. கொஞ்சம்கூடக் குறையலை. இது எப்படி?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை, சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "நான் உங்களைச் சந்தேகப்படலை. ஆனா வெளிய இருந்து பாக்கறவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? வீடு வீடாப் போக அலுத்துக்கிட்டு நாலு நல்ல ரத்தத்தையே எல்லா டியூப்லயும் ஊத்திட்டாங்களான்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் இல்லைன்னா ஆற்றோரப் பகுதியையே ஆய்வுல இருந்து எடுத்துட வேண்டியதுதான்."

அக்காவின் அத்தனை வருட உழைப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஊத்திட்டேனாமா? நானா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் டாக்டரம்மாவின் அறைக் கதவை ஓங்கிச் சாத்தலாம் போலிருந்தது. அது தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் கதவு, அந்தத் திருப்திகூடக் கிடைக்கவில்லை.

அந்த மாதத்திலேயே என் சுழல் இயந்திரம் ஒரு டியூபை உடைத்துத் தள்ளியது. அந்த இயந்திரம் இரத்தத்தை வேகமாகச் சுழற்றும். சிவப்பு அடியில் போய்ப் படியும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரில்தான் கொழுப்பை அளப்போம். உடைந்தது ஆற்றோரப் பகுதியில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவருடைய இரத்தம். சிதறியதைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை எடுத்து வரும்படி அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம் எடுத்து வந்தார்.

சுழற்றி வெளியே எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்புக்கு மேலே தெளிந்த நீரைக் காணோம், பால் நின்றது. வெள்ளை வெளேரென்று, அந்தப் பக்கம் விரலை வைத்தால் இந்தப் பக்கம் தெரியாத பால். கொழுப்பு அளவுக்கு மீறி மிதந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் முந்தைய சுற்றுகளிலெல்லாம் அதே மனிதருடைய டியூப் கண்ணாடிபோலத் தெளிந்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

"அக்கா, இது வேற யாரோட ரத்தமோ. மாத்திட்டீங்க" என்றேன்.

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நானே எடுத்தேன், நானே ஒட்டினேன்" என்று சீறினார். என்னை இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் புறப்பட்டார்.

பகல் வெயிலில் வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே போனேன். கடை ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருந்தது. வெண்ணெய் வாசனை தெருமுனைக்கே வந்துவிட்டது. கடைக்காரர் அகலமான ஆள், முழங்கை வரை மாவு. ஒரு கையில் வெண்ணெய் தடவிய பன், வாய் நிறைய இன்னொன்று. அக்காவைப் பார்த்ததும் பன்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் அசடு வழியச் சிரித்தார்.

"என்னக்கா, அதான் பரீட்சை முடிஞ்சிடுச்சே. மறுபடியும் வந்து நிக்கறீங்க?"

"என்ன பரீட்சை?"

அவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. அக்கா வரும் தேதி எழுதிய அட்டை வீட்டுக்கு வந்ததும் அந்தத் தெருவே தயாராக ஆரம்பித்துவிடுமாம். இரண்டு வாரத்துக்கு வேகவைத்த காய்தான். பொரித்ததைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. காலையில் ஆற்றங்கரையில் கும்பலாக நடை. அட்டை வந்த வீடு எது என்று கடையில் பன் விற்கிற வேகத்தை வைத்தே அவரால் சொல்லிவிட முடியுமாம். அக்கா வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போன அன்று மத்தியானமே கடையில் கூட்டம் நெரிபடும். இந்தத் தடவை திரும்பவும் எடுக்க வருவார் என்று அவர் நினைக்கவில்லை. "காலையில ஒண்ணும் சாப்பிடலைக்கா, சத்தியமா. ராத்திரி வரைக்கும்தான் சாப்பிட்டேன்" என்றார்.

"ஏங்க? ஏன் இப்படிப் பண்றீங்க?" என்றார் அக்கா.

"நம்பர் ஏறினா உங்க மூஞ்சி வாடிப்போயிடுதேக்கா. எங்களுக்காக அலையறீங்க. உங்களைக் கஷ்டப்படுத்தலாமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாக நான் குளிர்ப்பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது ஆற்றோர ஜனங்களின் இரத்தம் இல்லை. அவர்கள் ஊசியக்காவின் மேல் வைத்திருந்த பிரியத்தைத்தான் பூட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் கடைப் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "பொய் ரத்தம் இல்லை, அதுவரைக்கும் நிம்மதி" என்றார். அப்புறம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஒரு சுற்று சொல்லாமல் கொள்ளாமல் போய் இரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, எப்போது சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டால் சமாளித்துக்கொள்ளலாம். அது நடக்காவிட்டால் ஆற்றோரப் பகுதி ஆய்வில் இருக்காது, அக்காவும் வீடுகளுக்குப் போக வேண்டாம், மேஜை வேலை பார்க்கலாம். இதையும் அவர் சுற்றி வளைக்காமல்தான் சொன்னார்.

சொல்லாமல் போனோம். குளிர்ப்பெட்டியைத் தூக்க நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் குழந்தை வந்து, "அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றது. இரண்டாவது வீட்டில் ஜன்னல் திரை ஆடியது, கதவு திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பெண்மணி கையைப் பிசைந்துகொண்டு, "ரெண்டு வாரம் டைம் குடுங்கக்கா, நல்ல ரத்தமாத் தர்றேன்" என்று கெஞ்சினார். அன்று ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டுப் போனால் உண்மையான இரத்தம் இல்லை, சொல்லாமல் போனால் இரத்தமே இல்லை. அக்கா என்னிடம், "மேஜையைத் துடைச்சு வைடா தம்பி" என்றார்.

கடைசியாக ரொட்டிக்கடைக்குப் போனோம். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அக்கா குனிந்து அந்தப் பாதிக்கு அடியில் முகத்தை நீட்டினார்.

"கையை மட்டும் நீட்டுங்க. நான் திட்ட மாட்டேன்."

"நீங்க திட்டறது பரவாயில்லைக்கா. எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க இப்படிக் குச்சி மாதிரி இருக்கீங்க, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி. உங்க நம்பர் என்ன இருக்கும்? உங்க முன்னாடி என் ரத்தத்தைக் காட்ட முடியுமா?"

சொல்ல அக்காவிடம் எண்ணே இல்லை என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊழியர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. ஊரிலிருக்கிற எல்லாருடைய இரத்தத்தையும் எடுத்தவர் தன்னுடையதை ஒருநாளும் எடுத்ததில்லை. மறதி இல்லை. அப்பாவும் அண்ணனும் போன விதத்துக்கு, பயம்.

அக்கா ஷட்டரை மேலே தள்ளினார். பிறகு உள்ளே நுழைந்து மாவு சிந்திய மேஜையின் முன் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடுடா."

நான் ஆய்வகத்துக்காரன், ஊசி குத்திப் பல வருடம் ஆகியிருந்தது. இரண்டு தடவை தவறிவிட்டது. "இவனுக்குப் பொண்டாட்டி அமைஞ்சதே..." என்று அக்கா ஆரம்பித்தார். மூன்றாவது குத்தில் வந்துவிட்டது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அந்த டியூபைச் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. அப்பாடா என்று பெருமூச்சு விட்டு அளவு இயந்திரத்தில் வைத்தேன். இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்து, பழுது என்று நினைத்துத் திரும்ப வைத்தேன். அதே எண். கொலஸ்ட்ராலில் கெட்டது என்கிறோமே, எல்.டி.எல்., அது அப்படிக் கூரை வரைக்கும் ஏறிய ஒருவரை ஆற்றோரப் பகுதியில் நான் பார்த்ததில்லை. டிரைகிளிசரைடு மிதந்தால்தான் பால் மாதிரி தெரியும். இது கண்ணுக்குத் தெரியாது. சாப்பாட்டால் வந்ததும் இல்லை, பிறப்பிலேயே குடும்பத்தோடு வந்தது. பட்டினி கிடந்தாலும் இறங்கியிருக்காது.

டாக்டரம்மாதான் அக்காவைக் கூட்டி வைத்துச் சொன்னார். இதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது, இதயத்தைப் பார்த்தாயிற்று, இதுவரை சேதம் இல்லை, தெரியாமலே இருந்திருந்தால்தான் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என் பின்னறையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடு அவர் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமா என் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பாத்து என்னைத் திட்டினியேடி. கொழுப்பு யாருக்கு இருக்கு பாரு" என்றார். அழுதுகொண்டே சிரித்தார் அக்கா. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா நேராக ரொட்டிக்கடைக்குப் போனார். கூட்டம் இருக்கும் நேரம்தான். தயங்கவில்லை. "என் நம்பர் கேட்டீங்கல்ல?" என்று சொல்லிவிட்டு, எண்ணை எல்லார் முன்னாலும் சொன்னார்.

கடை அப்படியே நின்றுவிட்டது. பன் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆய்வில் இருப்பவர்கள், எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அத்துப்படி.

"உங்களுக்கேவாக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கேதான். குச்சி மாதிரி இருந்து என்ன புண்ணியம்? பாக்காமலே இருந்துட்டேன். பாத்திருந்தா முன்னாடியே மாத்திரை போட்டிருக்கலாம்."

கூட்டத்தில் நின்ற, முன்பு இரண்டு வாரத் தவணை கேட்ட அதே பெண்மணி, பன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன், முட்டையும் வெண்ணெயும். எடுத்துக்கோங்க." அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கொண்டுபோன டியூபெல்லாம் தீர்ந்து, என்னை மையத்துக்கு ஓடவிட்டார் அக்கா. ஒரு பேருந்து முன் கதவைத் திறந்து என்னை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் முழுக்க என் பின்னறையில் திருவிழாக் கூட்டம். பாலும் கலங்கலுமாக டியூப்கள் வந்து குவிந்தன. இவ்வளவு மோசமான இரத்தத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுவர் வரைபடத்தில் ஆற்றோரப் பகுதியின் கோடு விறுவிறுவென்று ஏறி, மாரடைப்புக் கணக்கு நிற்கச் சொன்ன இடத்தில் போய் நின்றது. "இப்பத்தான் இந்தப் பகுதி உண்மை பேசுது" என்றார் டாக்டரம்மா. பழைய எண்களைப் பற்றி ஆய்வறிக்கையில் ஒரு குறிப்பு எழுதினார். பரிசோதனைத் தேதி தெரிந்ததும் ஜனங்கள் பத்தியம் இருந்தார்கள் என்று மட்டும் அதில் இருக்கிறது. ஏன் இருந்தார்கள் என்று எழுத அறிக்கையில் இடம் இல்லை. ஆற்றோரப் பகுதி ஆய்வில் தங்கியது. அக்காவும் மேஜைக்குப் போகவில்லை.

ரொட்டிக்கடைக்காரரின் முடிவை மட்டும் தபாலில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி அக்காவே எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன், இப்போதெல்லாம் பகல் வெளிச்சம் பழகிவிட்டது. கடைக்காரர் தாளைப் பார்க்கவில்லை, வழக்கம்போல அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன குதிச்சும் உங்களால என்னை ஜெயிக்க முடியலை. எல்.டி.எல்.ல நான்தான் முதல், நீங்க ரெண்டாவது."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் பொழைச்சுக்குவேனா?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில், அத்தனை பரீட்சையிலும் தேறியவர், அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

"அதைக் கேக்கத்தானே ரத்தம் எடுக்கறோம்" என்றார் அக்கா. "டாக்டர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. வாங்க, சேர்ந்தே போலாம்."

கடைக்காரர் முகத்தைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து ஷட்டரை இறக்கினார்.